கயிறு மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

வைகாசி பாதி தாண்டிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காத்து இறங்கத் தொடங்கிவிடும். பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காத்தாடிகள் புரட்டாசி வரைக்கும் ராப்பகலாகச் சுற்றும். அந்த நாட்களில் ஒன்று நின்றுபோனாலும் கம்பெனிக்கு நஷ்டம், எங்களுக்கு வசவு. நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எண்பது மீட்டர் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் நாசெல் பெட்டிக்குள் புகுந்து, கிரீஸ் வைத்து, போல்ட் முறுக்கி, இறங்கி வருவதுதான் வேலை. அதனால் பாறை ஏறுவதெல்லாம் தை, மாசியில்தான்.

"வாரம் பூரா ஏறுறது பத்தாதா, ஞாயித்துக்கிழமையும் ஏறணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோபுரத்தில் ஏறுவதை நான் ஏறுவதாகவே நினைப்பதில்லை. எல்லாப் படிக்கும் ஒரே இடைவெளி. இடுப்புப் பட்டை ஒரு எஃகுக் கம்பியில் கோத்திருக்கும்; கால் வழுக்கினால் அரை அடியில் பிடித்துவிடும். ஏறுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். காற்று இத்தனைக்கு மேல் போனால் ஏறாதே என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். பாறையில் நமக்காகக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது.

எங்கள் பக்கம் மேற்கே பார்த்தால் பெரிய மலை இருக்கிறது. ஆனால் களக்காடும் முண்டந்துறையும் 1988-லிருந்து ஒரே புலிகள் காப்பகம். கயிறும் இரும்புமாக அதற்குள் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது, அங்கேயும் வேலையில்லை. ஆக எங்களுக்கு மிச்சம் பொத்தைகள்தான். நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரும் வழியில் சமதரையிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். பல பொத்தைகளைக் குவாரிக்காரர்கள் பாதிக்குமேல் தின்றாயிற்று. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த வாரம் முழுக்க எங்கள் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

நாங்கள் போன பொத்தையின் பெயரை எழுதவில்லை. அடிவாரத்து ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினோம். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, "கூட்டத்தக் கூட்டிட்டு வந்துராதிய" என்பதுதான்.

இனி மச்சினன். என் வீட்டுக்காரியின் தம்பி. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் இருபத்தெட்டு நாள் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து அவன் வாயில் 'ஆல்பைன்' என்ற சொல் இறங்கவே இல்லை. ஆல்பைன் ஸ்டைல், ஆல்பைன் ஸ்டார்ட், ஆல்பைன் ரேக். விஷயம் இவ்வளவுதான்: முன்கூட்டியே கயிறு கட்டி வைக்காமல், பாறையில் ஆணி அடிக்காமல், எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. இருட்டிலேயே கிளம்ப வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆல்ப்ஸில் அதற்குக் காரணம் உண்டு. ராத்திரிக் குளிரில் உறைந்த பனிதான் அங்கே உதிரிக் கற்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் பட்டதும் பனி இளகும், கல் உருளும். அங்கே உள்ள மோன் பிளாங் சிகரத்துக்குப் போகிற கூட்டே வழியில் செங்குத்தான ஒரு பாறை ஓடையை ஓடித்தான் கடப்பார்கள் என்று சொல்வார்கள், மேலிருந்து கல் வந்துகொண்டே இருப்பதால். பிற்பகல் இடி மழை வேறு. நம் ஊரில் பனியும் இல்லை, உறைவதும் இல்லை. ஆனாலும் இருட்டில் கிளம்புவது சரிதான். பன்னிரண்டு மணிக்கு மேல் மேற்கு முகத்தில் வெயில் இறங்கிவிட்டால் பாறையில் கை வைக்க முடியாது.

அவன் போட்ட திட்டம்: மேற்கு முகத்தில் நாலு பிட்ச். ஒரு பிட்ச் என்பது ஒருவர் ஏறி, நின்று, கட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு கயிற்று நீளம். ஐந்தரைக்கு முதல் பிட்ச், ஒன்பதரைக்கு உச்சி, அப்புறம் கிழக்கே ஆடு போகும் தடத்தில் நடந்து இறங்கி, பதினொன்றுக்கு வள்ளியூரில் புரோட்டா. ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய கதையே கயிற்றின் கதை. "கம்பெனியிலதான் அத்தன கயிறு கெடக்கே, அதையே எடுத்துட்டுப் போனா என்ன?" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருமுறை கேட்டார். கம்பெனிக் கயிறு அவ்வளவாக நீளாது. அதில் தொங்கி வேலை பார்க்கலாம், இறங்கலாம். ஆனால் முன்னால் ஏறுகிறவன் அதைக் கட்டிக்கொண்டு விழுந்தால், விழுந்த வேகமெல்லாம் ஒரே வெட்டாக இடுப்பில் வந்து இறங்கும். பாறைக் கயிறு வேறு ரகம். விழும்போது இழுபட்டு நீண்டு, அந்த அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குத் தரும். சோதனையில் எண்பது கிலோ எடையைக் கட்டி விழவிடுவார்கள். முதல் விழுகையில் கயிற்றில் வரும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, நாற்பது சதவீதத்துக்கு மேல் நீளவும் கூடாது. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பாறைக் கயிறு கொஞ்சம் வண்ணமாக இருக்கும், அவ்வளவே. எங்களுடையது அறுபது மீட்டர், பச்சை.

நாலு மணிக்கு வள்ளியூரில் சுக்குக் காப்பி. ஐந்து மணிக்கு அடிவாரம். உடைமரக் காட்டுக்குள் தலை விளக்கோடு நடந்தோம். முள் இடுப்பில் கட்டியிருந்த ஹார்னஸ் பட்டையில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்தது. பாறை தொடங்கும் இடத்தில் ஒரு சுடலைமாடன் பீடம் உண்டு. மச்சினன் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பீடத்தில் வைத்தான்.

"உத்தரகாசியில சொல்லிக் குடுத்தாவளா?" என்றேன்.

"அங்க ஊதுவத்தி, அத்தான். இங்க சுருட்டு."

முதல் பிட்ச் நான். முப்பது மீட்டர் சரிவுப் பாறை. பிடிக்க ஒன்றும் கிடையாது; ஷூ ரப்பரை நம்பி, குதிகாலைத் தாழ்த்தி, நடக்காமலும் தவழாமலும் ஏற வேண்டும். இந்தப் பாறையில் கார்னெட் மணிகள் உண்டு. மழையும் வெயிலும் சுற்றியுள்ள பாறையைத் தேய்த்துவிட, கெட்டியான அந்தச் சிவப்பு மணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கால் பெருவிரலை அதில் வைத்தால் நிற்கும். கையை வைத்தால் தோலைக் கிழிக்கும். ஆற்றோடு போய்க் கடற்கரையில் சிவப்பு மணலாகக் கிடப்பதும் இதே சரக்குதான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பொத்தைகள் தோலுரிக்கும். காலகாலமாக மேலே அழுத்திக்கொண்டிருந்த பாறை தேய்ந்து போனதும் அடியில் இருப்பது விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் பலகை பலகையாக விண்டுவிடுகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல பாறை சத்தமே தராது, முட்டிதான் வலிக்கும். விட்டுப்போன பலகை வெறும் பானையைத் தட்டினது மாதிரி பேசும். அதில் கை வைக்கக் கூடாது, அதன் இடுக்கில் நட்டும் செருகக் கூடாது. நட் என்பது கம்பியில் கோத்த ஒரு உலோக ஆப்பு; விரிசலில் செருகி, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு மேலே போவோம். முப்பது மீட்டரில் மூன்றே இடத்தில்தான் எனக்கு நட் வைக்கக் கிடைத்தது.

திட்டில் நின்று கட்டி, மச்சினனைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவன் வந்து சேர்ந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. நோட்டுப்படி பத்து நிமிடம் முன்னால் இருந்தோம். அப்போதுதான் கீழேயிருந்து குரல்.

"ஏ தம்பியளா! அந்த மூலையில என் குட்டி நிக்கி, பாத்தியளா?"

வெள்ளாடு மேய்க்கிற ஒரு ஆச்சி. தோளில் தொரட்டி. அவர் காட்டிய பக்கம் பார்த்தால், எங்கள் திட்டுக்கு வலது பக்கம் பதினைந்து மீட்டர் தள்ளி இன்னொரு சின்னத் திட்டு. அதில் ஒரு கறுப்புக் குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை. மேலேயிருந்து ஒரு இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. திரும்ப ஏறத் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து அங்கனயே நின்னு கத்துது. எறக்கித் தந்தியள்னா புண்ணியமாப் போவும்."

மச்சினன் நோட்டை எடுத்தான். "அத்தான், ஏழு மணிக்கு நாம ரெண்டாவது பிட்ச்சுல இருக்கணும்."

"நோட்ட அந்தக் குட்டிகிட்டக் காட்டு மாப்ள."

அவன்தான் குறுக்கே போனான், நான் கயிறு விட்டேன். அந்த மூலைக்குப் போனதும் அவன் சட்டை படபடக்கத் தொடங்கியது. நான் நின்ற இடத்தில் ஒரு புல்லும் ஆடவில்லை. வாடைக்காற்று. தையில் காலை நேரம் வழக்கமாக அடங்கித்தான் இருக்கும். போனில் வானிலை ஆப்பும் அதையேதான் சொன்னது. நான் தூரத்தில் இருந்த காத்தாடிகளைப் பார்த்தேன். எல்லாம் வடகிழக்கே முகம் திருப்பி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தன. விநாடிக்கு மூன்று மீட்டருக்குக் கீழே காற்று இருந்தால் அவை மின்சாரம் எடுக்காது, சும்மா அசையும். அன்றைக்கு அந்த அசைவு இல்லை, முழுச் சுற்று. நாங்கள் மேற்கு முகத்தில் பொத்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எங்களுக்கு உறைக்கவில்லை.

குட்டி அவனைக் கண்டதும் பின்னால் நகர்ந்தது. பின்னால் இன்னும் ஒரு முழம்தான் இடம். அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்து மட்டிப்பழம் ஒன்றை எடுத்து, நிதானமாக உரித்து, பழத்தைத் தான் தின்றுவிட்டுத் தோலை நீட்டினான். குட்டி கழுத்தை நீட்டியது, ஒரு காலை முன்னால் வைத்தது, தோலைக் கவ்வியது. அப்படியே பின்னங்காலைப் பிடித்துவிட்டான். மலையேற்றப் பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை. எங்கள் மாமனார் வீட்டில் ஆடு உண்டு.

பையைக் காலி செய்து, குட்டியை உள்ளே வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி நாடாவை இழுத்துக் கட்டி, கயிற்றில் காராபினர் என்கிற கொக்கி வளையத்தால் மாட்டிக் கீழே விட்டோம். காற்று பையைச் சுழற்றியது. ஒரு சுற்றுக்கு ஒரு கத்தல். முப்பது மீட்டரும் கத்திக்கொண்டே இறங்கியது. ஆச்சி கையில் வாங்கினார். காராபினருக்குத் திருகு மூடி உண்டு. அது அவருக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை இழுத்தார், இரண்டுமுறை இழுத்தார், அப்புறம் தொரட்டியைத் தோளிலிருந்து இறக்கி அரிவாள் நுனியைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோனார்.

"ஆச்சி, வெட்டாதிய! வெட்டாதிய!"

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். குரல் எங்கே போனதோ, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே இழுப்பு. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். நல்லவேளை, வெட்டுப்பட்டது பையின் நாடா. குட்டி வெளியே குதித்து ஓடியது. ஆச்சி மேலே பார்த்து என்னவோ சொன்னார். அந்த நிமிடம் காற்று கொஞ்சம் தணிந்ததால் அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஒரு குட்டிய எறக்க ரெண்டு எளவட்டமும் இம்புட்டுக் கயிறுமா!"

பையை மேலே இழுத்துக்கொண்டோம். நாடா இல்லை, புழுக்கை இருந்தது. புளியோதரைப் பொட்டலத்தை அதே பையில்தான் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பிட்ச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேரான விரிசல், கை முழுக்க உள்ளே போகும், எங்கே வேண்டுமானாலும் கேம் வைக்கலாம்; விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கருவி அது. மச்சினன் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினான். ஆனாலும் மணி ஒன்பதேமுக்கால். நோட்டுப்படி உச்சியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

மூன்றாவதும் அவனே போவதாக ஏற்பாடு, இமயமலைக்குப் போகப்போகிறவன் அவன்தானே. அந்தப் பிட்ச் இடது விலாவாக ஏறி, பொத்தையின் தோளைத் தாண்டி, வடக்குப் பக்கம் திரும்பும். தோளைத் தாண்டியதும் அவன் கண்ணிலிருந்து மறைந்தான். கயிறு சீராகப் போய்க்கொண்டிருந்தது. இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனதும் நின்றது.

நான் காத்திருந்தேன். கால் மணி ஆயிற்று. கூப்பிட்டேன், பதில் இல்லை. கயிறு இரண்டுமுறை துள்ளியது. இப்படித் துள்ளுவதற்கெல்லாம் அர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள்: ஒரு இழுப்பு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் கட்டிவிட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோளில் உரசி வளைந்து வரும் கயிற்றில், அவன் இழுத்ததா, கால் பட்டதா, காற்று அடித்ததா என்று எப்படிப் பிரிப்பது? நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. என் பக்கத்துக் கயிறு முழுவதும் மேலே இழுபட்டு, என் இடுப்பில் வந்து முட்டும் வரைக்கும் மேலே இருப்பவனைப் பிடித்திருக்கும் கையை விடக் கூடாது. கை மரத்தாலும் சரி.

அப்புறம்தான் போன் நினைவு வந்தது. நம் பொத்தைகளில் சிக்னலுக்குக் குறைச்சலில்லை; அவன் படித்த பயிற்சிப் பாடத்தில் போன் இல்லாவிட்டால் என்ன? ஒரு கையால் கூப்பிட்டேன். எடுத்தான். காதில் வந்தது வெறும் இரைச்சல், நாசெல் மூடியைத் திறந்தால் கேட்கும் அதே இரைச்சல். வைத்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் செய்தி வந்தது: "பெரிய பலகை. வெத்து. மேல போக முடியாது. மரத்துல கட்டிட்டேன், வாங்க." அதற்குப் பின்னால் கயிறு ஓடி, இடுப்பில் வந்து முட்டியது.

தோளில் தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. காத்தாடிக் கோபுரத்து உச்சியில், சீசன் நேரத்தில்கூட நாங்கள் அந்தக் காற்றில் வெளியே நிற்க மாட்டோம். பாறை விளிம்பில் காற்று நெருங்கி வேகம் பிடிக்கும் என்பது தெரியும்; கணவாயில் காத்தாடி வைத்திருப்பதே அதை நம்பித்தான். மச்சினன் விரிசலில் வேரோடியிருந்த ஒரு இச்சி மரத்தில் ஸ்லிங் என்கிற நாடா வளையத்தைப் போட்டு, அதில் தன்னைக் கட்டி, குந்தியிருந்தான். மரம் அவன் தொடைப் பருமன், நல்ல வேர். அதற்கு மேலே அந்தப் பலகை.

ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், கை அகலக் கனம். அடியில் ஒரு மூலையும் பக்கவாட்டில் ஒரு விளிம்பும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. போகிற வழி அதன் மேலேயேதான். நானும் எட்டித் தட்டினேன். காற்றின் சத்தத்தையும் மீறி அது பேசியது. தட்டின கையை உள்ளங்கையாக விரித்து வைத்தால் அதிர்வு தெரிந்தது. அது பெயர்ந்தால் முதலில் எங்கள் மேல், அடுத்து ஆச்சியின் ஆடுகள் மேல்.

"சுத்திப் போனா?" என்றான் காதருகே.

"எங்கன சுத்த? வழுக்கப் பாறை. இந்தக் காத்துல நட் இல்லாம பத்து மீட்டர் போவியா?"

போக மாட்டான். அவனுக்கும் தெரியும். உச்சி இன்னும் ஒரு பிட்ச்தான். அங்கே நட்டிருக்கும் கார்த்திகைத் தீபக் கம்பம்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டை எடுத்து, "11.10, திரும்புகிறோம்" என்று எழுதினான். எனக்கு அவனிடம் பிடித்ததே இதுதான். புளியோதரையைத் தின்றோம். ஆட்டு வாடையோடு புளியோதரை அப்படியொன்றும் மோசமில்லை.

இறங்குவதில் முதல் சிக்கல், அந்தக் காற்றில் கயிற்றை வீசி எறிய முடியாது. எறிந்தால் பக்கவாட்டில் பறந்து எங்காவது மாட்டும். ஆகவே இரட்டைக் கயிற்றைச் சுருள்களாக மடித்து, இரண்டு ஸ்லிங்கில் போட்டு, என் இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, இறங்க இறங்கச் சுருளிலிருந்து விட்டுக்கொண்டே வந்தேன். முனைகளில் முடிச்சு, கயிறு தீர்ந்தது தெரியாமல் நழுவிவிடாமல் இருக்க. மச்சினனும் வந்து சேர்ந்தான். இரண்டாவது திட்டுக்கு வந்ததும் திரும்பவும் காற்றில்லாத நிழல். முடிச்சை அவிழ்த்தோம், ஒரு பக்கத்தை இழுத்தோம். கயிறு மேலே மரத்து ஸ்லிங்கைத் தாண்டி விடுபட்டு விழுந்தது. விழுந்த முனையைத் தோளுக்கு மேலே வந்த காற்று அள்ளிக்கொண்டது. பச்சைக் கயிறு எங்கள் தலைக்கு மேலே ஒரு வில்லாக வளைந்து போய், இடது பக்கம் ஒரு சின்னப் பலகைக்குப் பின்னால் போய்ச் சொருகியது. இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

இன்னும் பலமாக இழுத்திருக்கலாம். ஆனால் கயிறு வந்தால் பலகையும் சேர்ந்து வரும், நாங்கள் நேர் கீழே. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கீழே இன்னும் இரண்டு பிட்ச் இருக்கிறது. ஒரே ஆறுதல், முக்கால்வாசிக் கயிறு எங்கள் கையில் இருந்தது. மாட்டியிருந்தது முனை மட்டும், பத்து மீட்டர் மேலே. பெரும்பகுதி மேலே போய் ஒற்றை இழை மட்டும் கையில் மிஞ்சியிருந்தால் கதை வேறு. எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாத கயிற்றில் தொங்கி ஏறுவதைவிட அங்கேயே உட்கார்ந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவது மேல்.

கையில் இருந்த பகுதியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மச்சினன் பிடிக்க, நான் ஏறினேன். சுலபமான சரிவுதான். வழியில் இரண்டு நட், இரண்டும் நல்ல விரிசலில். பலகைக்குப் பக்கத்தில் போய், அதன் மேல் கை படாமல், உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு விரல் அகல இடுக்கு. அதற்குள் கயிற்று முனை, சுற்றியிருந்த கறுப்பு டேப் வரைக்கும் தெரிந்தது. முனை ஒரு கல் ஆப்புக்கும் பலகைக்கும் இடையில் விழுந்து திருகியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே தேனீ.

ஒரு விநாடி உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டது. பொத்தைகளில் மலைத்தேனீ கூடு வைக்கும். அது கிளம்பிவிட்டால் கயிற்றில் தொங்குகிறவனுக்கு ஓட இடம் கிடையாது. அசையாமல் பார்த்தேன். வந்து போனவை எறும்பு அளவுக்குக் கறுப்பாக, சின்னதாக இருந்தன. இடுக்கிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நாலைந்து காவலுக்கு நின்று என்னையே பார்த்தன. கொசுத்தேனீ. கொட்டத் தெரியாத சாதி. மூச்சு வந்தது. ஒன்று பறந்து வந்து என் புருவத்து வேர்வையில் உட்கார்ந்தது. நட் எடுக்கும் கொக்கியை உள்ளே விட்டு, குழாய் உடையாமல், கயிற்று முனையை வந்த வழியே பின்னுக்குத் தள்ளித் திருப்பினேன். மூன்றாவது திருப்பில் விட்டுக்கொடுத்தது.

இறங்க ஒரு பிடி வேண்டுமே. பலகைக்குக் கீழே கெட்டியான பாறையில் ஒரு நட்டைச் செருகி, நாலைந்து முறை உதைத்துப் பார்த்து, அதில் காராபினரை மாட்டி, கயிற்றை அதன் வழியாக ஓடவிட்டு, மச்சினன் பிடிக்க, ஒவ்வொரு காலாக வைத்தே இறங்கினேன். தொங்கவில்லை. கீழே இருந்த நட்டுகளை வரும் வழியில் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு இறக்கம், இரண்டு ஸ்லிங் செலவு. அதற்குள் வெயில் மேற்கு முகத்துக்கு வந்துவிட்டது. கடைசி முப்பது மீட்டரில் பாறை உள்ளங்கையைச் சுட்டது. ஷூவுக்குள் கால் வெந்தது. தரையில் கால் வைத்தபோது இரண்டே கால். ஆச்சியும் ஆடுகளும் இல்லை. சுடலை பீடத்தில் சுருட்டும் இல்லை. யார் எடுத்தார்கள் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

புரோட்டாக் கடையில் மச்சினன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விவாதம் பண்ணினான். உச்சிக்குப் போகாவிட்டாலும் இது ஆல்பைன்தானாம்: இருட்டில் கிளம்பினோம், ஆணி அடிக்கவில்லை, கெட்ட பாறையைப் பார்த்துத் திரும்பினோம், கயிறு மாட்டியது, மீட்டோம். ஆல்ப்ஸ்காரன் செய்வதும் இதேதான் என்றான். ஆல்ப்ஸ்காரன் ஆட்டுக்குட்டியை இறக்குவானா என்று கேட்டேன். அங்கேயும் ஆடு உண்டு என்றான். சரி, அதுவும் உண்மைதான்.

வீட்டுக்கு வந்து கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தேன். இடுக்கில் மாட்டிய முனையில் மேலுறை பஞ்சு கிளம்பியிருந்தது. இரண்டு மீட்டர் வெட்டி, முனையை லைட்டரில் உருக்கி ஒட்டினேன். இப்போது ஐம்பத்தெட்டு மீட்டர். பாதியில் போட்ட நடுக்குறி இனி நடுவில் இல்லை என்பதால் அதையும் மாற்றிப் போட்டாயிற்று. பைக்கு நாடா கோத்தது என் மனைவி. கோக்கும்போது பையை முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு எங்கே போனோம் என்று இன்னொரு தடவை கேட்டாள்.

அந்தப் பக்கம் ஏறுகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு தகவல். இரண்டாவது திட்டுக்கு மேலே, இடது பக்கம், கொசுத்தேனீக் குழாய்க்கு ஒரு முழம் கீழே என் நட்டும் காராபினரும் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம், கூட்டைக் கிளறாதீர்கள். தோளுக்கு மேலே அந்தப் பெரிய பலகை பக்கம் போகவே வேண்டாம். அதற்கு வலது பக்கம் வேறு வழி கிடைக்குமா என்று மச்சினன் ரோட்டில் பைக்கை நிறுத்தி பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் மாசியில் போவோம், வாடை அடங்கினதும்.